கையில் கரண்டி

அன்பு மகள் டமாரத்துக்கு அப்பா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் சுகமா என்று கேட்டு, நாங்கள் இங்கே சுகம் என்று சொல்லித் தொடங்குவதுதான் என் வழக்கம். இந்த முறை முதல் பாதியைக் கேட்கக் கை வரவில்லை, உன் சுகம் எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியும். இரண்டாவது பாதிக்கு, எங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லை. என் முழங்கால் படி இறங்கும்போது மட்டும் முனகுகிறது, ஏறும்போது சும்மா இருக்கிறது, அதுவும் என்னைப் போல ஒரு தினுசு. அம்மாவுக்கு ரத்த அழுத்தம் சரியாக இருப்பதாகப் போன வாரம் பார்த்த நர்ஸ் சொன்னாள். ஆனால் அம்மா நேற்றுக் காலையிலிருந்து என்னோடு பேசவில்லை. டீயைக் கொண்டுவந்து மேஜையில் டக்கென்று வைத்துவிட்டுப் போகிறாள், ஆறிப்போனால் எடுத்துக்கொண்டு போகிறாள், சூடு பண்ணித் தரட்டுமா என்ற கேள்வி கிடையாது. நாற்பத்து மூன்று வருஷத்தில் இப்படி நடந்ததில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்று நாலு தரம் உன் எண்ணை அழுத்தினேன், நாலு தரமும் மணி அடிக்கும் முன்னே வைத்துவிட்டேன். நம் வீட்டில் வாய் உனக்குத்தான், எனக்குப் பேனாதான்.

முதலில் வீட்டுச் சேதியைச் சொல்லிவிடுகிறேன். உன் அண்ணன் வேலை மாறிவிட்டான், இப்போது ஆபீஸ் பத்து நிமிஷ நடைதான், அப்படியும் தாமதமாகத்தான் போகிறான். அவன் மகனுக்கு முன்பல் இரண்டும் விழுந்து, தாத்தா என்று கூப்பிட்டால் பாதி காற்றுதான் வருகிறது, சின்னவள் அதைப் பார்த்துவிட்டு எனக்கும் பல்லைப் பிடுங்கு என்று ஒரே அழுகை. சமையலறைக் குழாய் ஒழுகுவதை நானே சரிசெய்தேன், அதனால் இப்போது இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. பிளம்பர் வந்து பார்த்துவிட்டு, யாருங்க இதுல கை வச்சது என்று கேட்டார், அம்மா என்னைப் பார்த்தாள், நான் ஜன்னலைப் பார்த்தேன். நீ அனுப்பிய படத்தை வைத்து அளவை யூகித்து, உங்களிடம் வரவேண்டியிருந்த அந்தப் பிள்ளைக்கு அம்மா தைத்த மூன்று சட்டைகளும் அலமாரியின் கீழ்த்தட்டில் மடித்தபடியே இருக்கின்றன. அண்ணன் மகளுக்குக் கொடுத்துவிடேன் என்று நான் சொல்லவில்லை, சொல்லத் தைரியம் இல்லை. மஞ்சள் சட்டைக்கு மட்டும் ஒரு பை வைத்திருக்கிறாள், கரண்டியைப் போட்டுக்கொள்ளவாம். நான் சுற்றி வளைக்கிறேன் என்று உனக்கு இதற்குள் தெரிந்திருக்கும்.

நீ சின்ன வயதில் எங்கள் உயிரை எடுத்தவள். வாளியைக் கவிழ்த்துப் போட்டு என் பென்சில் இரண்டை வைத்து அடிப்பாய், பக்கத்து வீட்டுக் கணக்கு டீச்சர், உங்க பொண்ணு பேரு என்ன, டமாரமா என்று கேட்டதிலிருந்துதான் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போதும் என்ன குறைச்சல், பகலெல்லாம் கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து லென்ஸ் தேய்க்கிறாய், சனிக்கிழமை சாயங்காலம் பல் டாக்டரின் கார் ஷெட்டில் நாலு பேரோடு சேர்ந்து டிரம்ஸ் அடிக்கிறாய், யாரும் மேடை தந்ததில்லை, நீங்களும் கேட்டதில்லை. நாற்பது வயதில் இது எதற்கு என்று நான் ஒரு தரம் கேட்டபோது, காத்துக்கிட்டு இருக்கறப்ப கைக்கு ஏதாச்சும் வேணும்ல்லப்பா என்றாய். அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை. நாலு வருஷம் ஒரு பிள்ளையைத் தத்தெடுக்கக் காத்திருந்தீர்களே, ஒரு மாதம் கைரேகை, ஒரு மாதம் டாக்டர் சான்று, வீட்டைப் பார்க்க வந்த அம்மாள் அலமாரியைக்கூடத் திறந்து பார்த்தாளாம், எல்லாம் முடிந்தபின் முதல் தாளின் தேதி காலாவதி என்று மறுபடி ஒன்றிலிருந்து. அப்படியிருந்து கடைசியில் கடல் தாண்டி இன்னொரு தேசத்தில் மூன்று வயதுப் பெண்குழந்தை உங்களுக்கு என்று படம் வந்தது. அங்கே விடுதியில் அவளைப் பார்த்துக்கொள்கிற ஆயா எழுதியிருந்த குறிப்பை நீ போனில் வாசித்தாய், சாப்பிட உட்கார்ந்தால் கரண்டியால் மேஜையைத் தட்டிக்கொண்டே இருக்கிறாள், வாங்கி வைத்தால் அழுகிறாள் என்று. அன்றைக்கே டிரம்ஸைச் சின்ன அறையிலிருந்து ஹாலுக்கு இழுத்துப் போட்டு, அந்த அறையில் அவள் கட்டிலுக்கு இடம் பண்ணினாய். ஒவ்வொரு டிரம்மின் மேலும் வட்டமாக ரப்பர் தட்டு வைத்து மூடினாய், தெரியாத வீட்டில் தெரியாத பேச்சுக்கு நடுவே வந்து இறங்குகிற பிள்ளை முதல் நாளே சத்தத்துக்கு மிரண்டுவிடக் கூடாது என்று. சத்தம் இல்லாமல் அடிக்கப் பழகுகிறேன் என்று போனைப் பக்கத்தில் வைத்து எங்களுக்கு அடித்துக் காட்டினாய். தலையணையைத் தட்டுகிற மாதிரி இருந்தது. அம்மா நல்லாருக்கு என்றாள், நான் வழக்கம்போலக் கேலி செய்தேன். போன வாரம் மாப்பிள்ளை அம்மாவைக் கூப்பிட்டு, குச்சியவே தொடமாட்டேங்குறா அத்தை, அந்த ரப்பரையும் எடுக்க விடமாட்டேங்குறா என்றாராம்.

இனிமேல் சொல்லித்தான் ஆக வேண்டும். தாத்தா பாட்டி ஆகப்போகிறவர்கள் தனித்தனியாக நிரப்பி, உறையை ஒட்டி, உங்களுக்குக் காட்டாமல் நேரே ஏஜென்சிக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு படிவம் வந்ததல்லவா. அம்மா ஒரே மூச்சில் நிரப்பினாள், இடம் போதாமல் தனித்தாள் வேறு வைத்தாள். நானும் பதின்மூன்று கேள்விக்கு ஒழுங்காக எழுதினேன். பதினான்காவது கேள்வி, இந்தக் குழந்தையை உங்கள் மற்றப் பேரப்பிள்ளைகளுக்குச் சமமாக ஏற்றுக்கொள்வீர்களா, உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதவும். அந்தக் கட்டத்தை நான் வெறுமனே விட்டுவிட்டேன். மறதி இல்லை, தெரிந்தே விட்டேன். முப்பத்தொரு வருஷம் வீடு வீடாகப் போய்க் கரண்ட் மீட்டர் பார்த்து எழுதியவன் நான். கூட இருந்தவர்கள் வெயிலுக்குச் சோம்பல்பட்டு, மரத்தடியில் உட்கார்ந்தபடியே போன தடவை எண்ணோடு ஏதோ ஒன்றைக் கூட்டிப் போட்டுவிடுவார்கள். நான் கண்ணால் பார்க்காத மீட்டருக்கு ஒரு எண் எழுதியதில்லை, வீடு பூட்டியிருந்தால் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு இன்னொரு நாள் போவேன். அந்தத் திமிர்தான் கண்ணு. பார்க்காத பிள்ளையைப் பற்றி என்னத்தை எழுதுவது, வரட்டும், பார்த்துவிட்டு எழுதலாம், பொய் எழுதுவதற்கு எழுதாமல் விடுவதே நேர்மை என்று நினைத்தேன். அப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன் என்பதுதான் சரி. அடியில் வேறொன்றும் கிடந்தது, அதை மறைத்தால் இந்தக் கடிதம் எழுதுவதே வீண். சொந்தக்காரர்கள் யார் சாயல் என்று கேட்டால் என்ன சொல்வது என்று நினைத்தேன். என்னை எந்தப் பாஷையில் கூப்பிடுவாள், நான் தூக்கினால் அழுவாளோ, எனக்குத்தான் அவள்மேல் ஒட்டுதல் வருமோ வராதோ என்று நினைத்தேன். எழுபது வயதில் எனக்குப் பயமாக இருந்தது, அதற்கு நேர்மை என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

படிவம் திரும்பி வந்தது. காலியான கட்டத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, உடனே நிரப்பி அனுப்பவும் என்று ஒரு துண்டுச் சீட்டு. தபால்காரர் கொடுத்தபோது அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். பழைய பேப்பர் கட்டுக்கு அடியில் அதைச் செருகினேன். பத்தொன்பது நாள் அங்கே இருந்தது. தினம் காலையில் எடுப்பேன், பேனா மூடியைத் திறப்பேன், நல்ல வாக்கியமாக ஒன்று வரட்டும் என்று பார்ப்பேன், மறுபடி செருகிவிடுவேன். ஆம் என்று இரண்டெழுத்து எழுதியிருந்தால் போதும். இருபதாம் நாள் நீ போன் செய்தாய். எல்லாத் தாளும் சரியாக இருந்த வேறொரு குடும்பத்துக்கு அவளைக் கொடுத்துவிட்டார்கள் என்றாய். நம்ம பக்கத்துலேர்ந்து ஏதோ ஒரு பேப்பர் வந்து சேரலயாம்ப்பா, தபால்ல எங்கயாச்சும் தங்கியிருக்கும், யாரப் போய் என்ன சொல்றது என்றாய். அதற்கு நான் ம் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். நீ அழவும் இல்லை, நீங்க மனசப் போட்டு உழப்பிக்காதீங்கப்பா, மாத்திரை போட்டீங்களா என்று என்னைக் கேட்டாய். அது தபாலில் தங்கவில்லை கண்ணு. உன் அப்பனின் பேப்பர் கட்டுக்கு அடியில் தங்கியிருந்தது.

நேற்று அம்மாவிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள், நான் சொல்லி முடிக்கும்வரை ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப மடித்தாள். பிறகு, நான் அன்னிக்கே கேட்டேன்ல, எல்லாம் எழுதிட்டீங்களான்னு, எழுதிட்டேன்னுதானே சொன்னீங்க என்றாள். ஆமாம், அதையும் சொன்னேன். பார்க்காததை எழுதமாட்டேன் என்று பெருமை பேசுகிற மனுஷன் பக்கத்தில் இருந்தவளிடம் பொய் சொல்லியிருக்கிறேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள், அதிலிருந்துதான் டீ டக்கென்று வந்து விழுகிறது.

மன்னித்துவிடு என்று எழுதமாட்டேன். எழுதினால் நீ அடுத்த நிமிஷம் போனை எடுத்து, பரவால்லப்பா என்பாய், எனக்கு அது வேண்டாம். இன்னொரு பிள்ளை வரும் என்று ஆறுதலும் சொல்லமாட்டேன், கரண்டி வைத்திருந்தவள் போனது போனதுதான், அவள் போகிற வீட்டில் அதைப் பிடுங்கி வைக்காமல் இருக்க வேண்டும். நீ என்மேல் கோபப்படு. எத்தனை நாள் வேண்டுமானாலும் பேசாமல் இரு, அம்மா இப்போது எனக்கு அதில் பழக்கம் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். ஆனால் அந்த ரப்பர் தட்டுகளைக் கழற்றிவிட்டு, என் மண்டை என்று நினைத்தாவது ஒரு தரம் அடித்துவிடு. பிள்ளை மிரளக் கூடாது என்று போட்டதை, பிள்ளை இல்லாத வீட்டில் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்காதே, அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்கள் கோப்பு இன்னும் ஒரு வருஷம் செல்லும் என்று மாப்பிள்ளை சொன்னாராம். இன்னொரு படிவம் வந்தால் அதில் என் பெயரைப் போட உனக்கு மனம் வராவிட்டால் அண்ணன் பெயரைப் போடு, நான் ஒன்றும் நினைக்கமாட்டேன். என் பெயரைப் போட்டால் அன்றைய தபாலிலேயே திரும்பி வரும்.

ஏஜென்சியில் படத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள், அனுப்பிவிடுங்கள் என்று நீ சொன்னபடி இதோடு வைத்திருக்கிறேன். குடும்பப் படங்கள் இருக்கிற டிராயரிலிருந்து இன்று காலைதான் எடுத்தேன். எந்தப் படம் வந்தாலும் பின்பக்கம் யார், என்ன வயது என்று எழுதிவைக்கிற என் பழக்கம் உனக்குத் தெரியும், அப்பா நமக்கும் ரீடிங் எடுக்கறாருடா என்று அண்ணனிடம் சொல்லிச் சிரிப்பாய். உறையில் போடுவதற்குமுன் திருப்பிப் பார்த்தேன். மூன்றாவது பேரப்பிள்ளை, வயது மூன்று, கையில் கரண்டி என்று இருந்தது. என் கையெழுத்துதான். கீழே தேதியும் இருக்கிறது, படிவம் வருவதற்குப் பதினாறு நாள் முன்பு. எழுதிய ஞாபகமே எனக்கு இல்லை, படம் வந்த அன்றைக்கு எதையும் யோசிக்காமல் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். வார்த்தை வரவில்லை என்று பத்தொன்பது நாள் மேஜையில் உட்கார்ந்திருந்தேன், அது டிராயரில் இருந்திருக்கிறது. படத்தை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அழுதேன், அம்மா வாசல்வரை வந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனாள், ஆனால் அதற்குப் பிறகு ஆறிப்போன டீ சூடாகித் திரும்பி வந்தது. எழுதியதை அழிக்கவில்லை. படத்தில் ஏன் கிறுக்கியிருக்கிறது என்று ஏஜென்சியில் கேட்டால், எங்க அப்பா எழுதினது என்று சொல்லு.

வேளைக்குச் சாப்பிடு. சனிக்கிழமை பல் டாக்டர் ஷெட்டுக்குப் போ, வாசிக்காவிட்டாலும் போய் உட்கார்ந்துவிட்டு வா. மாப்பிள்ளை தங்கமான மனுஷர், அவருக்கும் இதே துக்கம்தான், அவர் முகத்தையும் கொஞ்சம் பார். நீங்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்க வேண்டும், உங்கள் வீட்டில் சத்தம் கேட்க வேண்டும், என் ஆசீர்வாதத்துக்கு இன்னும் ஏதாவது மதிப்பு இருந்தால் அது முழுக்க உங்களுக்குத்தான். ரப்பரைக் கழற்ற மறக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா,
மூன்று பேருக்குத் தாத்தா.