பதினெட்டாவது பெயர்

அன்புள்ள சில்யே,

இங்கே மூன்று பேரும் நேரத்துக்குச் சாப்பிடுகிறோம், வேலைக்கும் பள்ளிக்கும் போய் வருகிறோம், யாருக்கும் காய்ச்சல் இல்லை; அதுதான் நலம் என்றால் நலமே. நீயும் டாஸ்மேனியாவில் உன் மீன் பண்ணையோடு உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் நான் சுற்றி வளைப்பேன், நீ "அப்பா, விஷயத்துக்கு வா" என்பாய், உடனே எனக்கு விஷயமே மறந்துபோகும், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த வருஷம் பனி முந்திக்கொண்டது, எனக்குப் பகல் முழுக்கப் பனி தள்ளும் வண்டியில்தான் பிழைப்பு. அம்மா வழக்கம்போல இரண்டு வாரம் கப்பல் சமையலறையில், அடுத்த செவ்வாய்தான் கரைக்கு வருவாள். வீட்டில் நானும் உன் தங்கை ஹெட்டாவும் மட்டும்.

ஹெட்டாவைப் பற்றித்தான் எழுத வந்தேன், எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. அவளுடைய ஹேண்ட்பால் அணிப் பிள்ளைகள் போனில் ஒரு குரூப் வைத்திருக்கிறார்கள். பதிமூன்று வயது ஆகாதவர்கள் சேரக் கூடாதாம், எல்லார் வீட்டிலும் பிறந்த வருஷத்தை மாற்றிப் போட்டுத்தான் சேர்த்தோம், நானும்தான், ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அணியில் பதினேழு பெண்கள், குரூப்பில் பதினெட்டுப் பெயர்கள். கூடுதலாக ஓர் எம்மா. பூனைக்குட்டி படம் போட்டிருந்தாள். நான் அந்தப் பெயரை ஆகஸ்டிலேயே பார்த்தேன் சில்யே. யாரோ ஒருத்தியின் மாமா பெண்ணாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். இரண்டு வருஷத்துக்கு முன் பெற்றோர் கூட்டத்தில் வாஃபிள் தின்றுகொண்டே எல்லோரும் கையைத் தூக்கி ஒரு விதி போட்டோமே, எந்தக் குழந்தையையும் குரூப்பை விட்டு நீக்கக் கூடாது, யாரும் தனித்து விடப்படக் கூடாது என்று, அது நினைவில் இருந்தது. இது யார் என்று கேட்டால் ஒரு பிள்ளையை ஒதுக்குவது போல ஆகிவிடாதா? விஷயம் வெளியே வந்த பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டபோது ஒருத்தர் விடாமல் அதையேதான் சொன்னார்கள். அணியில் ஹெட்டாவோடு விளையாடும் தீயாவின் அம்மா மட்டும் அழுதுவிட்டாள், "நாங்க உங்க வீட்டுப் பொண்ணுன்னுல்ல நெனச்சோம், ஹால்வார்" என்றாள்.

நடந்தது போன வியாழக்கிழமை. ஹெட்டா பயிற்சி முடிந்து குளித்துக்கொண்டிருந்தாள், போன் சமையல் மேடையில் கிடந்தது. அதைத் தொட மாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன், அவளுக்கென்று சொந்த விஷயம் இருக்கலாம் என்று நீதானே எனக்குப் பாடம் எடுத்தாய், அது சரிதான், இப்போதும் சரிதான் என்று நினைக்கிறேன், இல்லையென்றும் நினைக்கிறேன். திரை தானாக ஒளிர்ந்தது. எம்மா. "அப்பா பக்கத்துல இருக்காரா?" என்று கேட்டிருந்தது. எந்தக் குழந்தை இன்னொரு குழந்தையிடம் அப்படிக் கேட்கும்? திறந்தேன். குரூப்பில் இல்லை, தனியாக வேறொரு பேச்சு. கடைசி நாலைந்து வரிதான் படித்தேன், ஒரே ஒரு படம் போதும், யாருக்கும் தெரியாது, தெரிந்தால் உனக்குத்தான் அசிங்கம் என்று. பூனைக்குட்டிப் படத்துக்குப் பின்னால் இருப்பது சின்னப் பெண் இல்லை, யாரோ ஓர் ஆள் என்று அப்போதுதான் புரிந்தது. வீட்டுக்குள் பாம்பைப் பார்த்தவன் கையில் கிடைத்ததை எடுத்து அடிப்பதுபோல் மொத்தப் பேச்சையும் அழித்தேன், அந்தப் பெயரைத் தடுத்தேன், ஹெட்டா ஈரத் தலையோடு வந்து நின்றதும் "நீ அவனுக்கு என்ன அனுப்பின?" என்று கத்தினேன். அவள் முகம் வெளுத்துப்போனது. அறைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் போலீஸுக்குப் போனேன். நீனா என்று ஓர் அதிகாரி, உன் வயதுதான் இருக்கும், திட்டவில்லை, அதுவே சங்கடமாக இருந்தது. "அழிக்காம திரையை அப்படியே படம் எடுத்து வச்சிருக்கணும், அதுதான் எங்களுக்குப் பிடி" என்றாள். "முதல்ல பொண்ணுகிட்ட என்ன அனுப்பினன்னு கேக்காதீங்க, உன் மேல தப்பில்லன்னு சொல்லுங்க" என்றாள். நான் இரண்டையும் தலைகீழாகச் செய்துவிட்டுத்தான் அங்கே உட்கார்ந்திருந்தேன். அழித்ததை மீட்க முடியுமா என்று பார்க்கிறார்களாம், உறுதி சொல்ல முடியாதாம். அம்மா கப்பலிலிருந்து கூப்பிட்டு, போனைப் பிடுங்கி வை என்றாள், பத்து நிமிஷம் கழித்து மறுபடி கூப்பிட்டு, பிடுங்காதே, அப்புறம் எதையுமே சொல்ல மாட்டாள் என்றாள். எனக்கு இரண்டும் சரியாகப் பட்டது. இப்போது அணியின் பெற்றோர் கூடி, பெயர் தெரியாத ஆள் இருந்தால் கூச்சப்படாமல் கேட்பது என்று முடிவு செய்திருக்கிறோம். இதைச் சொல்ல ஒரு கூட்டம் வேண்டியிருக்கிறது பார்.

ஹெட்டா நாலு நாள் என்னோடு பேசவில்லை. வெள்ளிக்கிழமை எப்போதும் சேர்ந்து சாப்பிடும் டாக்கோவைக்கூட அறையில் வைத்துத் தின்றாள். நேற்றுப் பயிற்சிக்குக் காரில் கூட்டிப்போகும்போது, நான் எதுவும் கேட்காமலே, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "நான் எதுவுமே அனுப்பலப்பா. பதினோரு தடவ வேணாம்னு எழுதினேன். எண்ணி வச்சிருந்தேன். சனிக்கிழமை உன்கிட்ட காட்டலாம்னு இருந்தேன். நீ அதையும் சேத்து அழிச்சுட்ட." மழையும் இல்லை பனியும் இல்லை, வைப்பரைப் போட்டேன். அவள் இறங்கிப் போய்விட்டாள்.

என் பிள்ளை தனியாக நின்று பதினோரு தடவை சமாளித்திருக்கிறாள், நான் ஒரு நிமிஷம்கூடப் பொறுக்கவில்லை. நீ ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூப்பிடு. புத்தி சொல்லாதே, எதையும் கேட்காதே, அவள் பேசினால் கேட்டுக்கொள். நீயும் படகில் நிற்கும்போது மிதவைச் சட்டையைப் போட்டுக்கொள், போன படத்தில் போடாமல் நின்றாய், பார்த்தேன். உடம்பைப் பார்த்துக்கொள், நல்லபடியாக இரு, எங்கள் அன்பும் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு.

அந்தப் பதினோரு வரியை நான் படிக்கவே இல்லை, ஆனாலும் ஒவ்வொன்றையும் நம்புகிறேன். பாதி உலகத்துக்கு அப்பால் இருக்கும் உனக்கு இதை எழுத முடிகிறது, பக்கத்து அறையில் இருப்பவளிடம் நேற்றிலிருந்து சொல்ல முடியவில்லை. இதோடு நிறுத்திவிட்டு எழுந்து போய் அவள் கதவைத் தட்டுகிறேன்.

உன் அப்பா,
ஹால்வார்