குண்டு நேராகத்தான் தொங்குகிறது

என் உள்ளங்கைகளில் மெழுகுதிரி வாசம். சவர்க்காரம் போட்டுக் கழுவியும் போகவில்லை. காலையில் நம்முடைய அறை ஜன்னலின் இரு பக்கத் தடங்களிலும், நீங்கள் செய்வதுபோலவே, மெழுகுதிரித் துண்டை அழுத்தித் தேய்த்தேன். பிறகு கீழ்ச் சட்டத்தின் பிடியில் விரல்களைக் கொடுத்துத் தூக்கினேன். அசையவில்லை. தோளைக் கொடுத்தேன். கண்ணாடி முனகியது. பயந்து விட்டுவிட்டேன்.

இந்த வீட்டில் கடைசியாகத் திறந்துகொண்டிருந்த ஜன்னல் அது.

வீட்டுக்கு மேலே தேயிலைச் சரிவில் நிலம் வெடித்திருக்கிறது. போன வாரம் அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். வெடிப்புக்குள் கையை விட்டுப் பார்த்த இளைஞர் நிமிர்ந்து என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "டீச்சர், ஜன்னல் கதவெல்லாம் லேசாத் தொறக்குதா?" என்பதுதான். மழை இன்னும் கூடும் என்கிறார்கள். இன்று பொழுது சாய்வதற்குள் வெளியேறிவிட வேண்டும். மகள் பண்டாரவளையில் தன் வாடகை வீட்டில் எனக்கு ஓர் அறை ஒதுக்கியிருக்கிறாள். பிற்பகலில் வேனோடு வருவாள்.

சற்று முன்பும் அழைத்தாள். "அம்மா, சாமானெல்லாம் கட்டியாச்சா?"

"ஓம்."

"பொய் சொல்லாதீங்க."

பெட்டிகள் வெறுமையாகத்தான் கிடக்கின்றன. நான் உங்கள் இழைப்புளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கேட்க ஆளில்லை என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

அப்புத்தளைக்கு மேலே இந்த வீட்டை வாங்கலாம் என்று நீங்கள் சொன்னபோது நான் சம்மதிக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் நான் பிறந்த வீட்டின் கூரை முற்றத்தில் கிடந்ததைப் பார்த்தவள் நான். ஒரு வீட்டை நம்பி ஆயுளைப் போடுவது எனக்குப் புத்திசாலித்தனமாகப் படவில்லை. வாடகை வீடே போதும் என்றேன். நீங்கள் வாதாடவில்லை. என்னைக் கூட்டிப்போய் இந்த அறை ஜன்னலின் முன்னால் நிறுத்தினீர்கள். வெள்ளைக்காரத் துரைமார் காலத்துத் தூக்கு ஜன்னல். மேலே ஒரு கண்ணாடிச் சட்டம், கீழே ஒன்று. ஒரே விரலால் கீழ்ச் சட்டத்தை உயர்த்தினீர்கள். அது சத்தமில்லாமல் ஏறி, நீங்கள் விட்ட இடத்தில் நின்றது. அன்றைக்கு இந்த வீட்டில் வேலை செய்த ஜன்னல் அது ஒன்றுதான்.

"நான் பொறந்த லயத்துக் காம்பராவுல ஒரு பலகதான் டீச்சர் ஜன்னல்," என்றீர்கள். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், ஒற்றை அறையில் பிறந்தவர் நீங்கள். ஊர் முழுக்க என்னை டீச்சர் என்றது. நீங்களும் அப்படித்தான் கூப்பிடுவீர்கள். "தொறந்தா குளுரு, மூடுனா பொக. கண்ணாடி வழியா மலையப் பாத்துக்கிட்டு ஒரு தேத்தண்ணி குடிக்கணும்னு சொல்லிச் சொல்லியே எங்கம்மா போய்ச் சேந்துருச்சு."

அதற்கு எதிராக வைக்க என்னிடம் வாதங்கள் இருந்தன. வைக்க மனம் வரவில்லை.

வாங்கிய பிறகுதான் ஜன்னலுக்குள் என்ன இருக்கிறது என்பதை இருவருமாகக் கழற்றிப் பார்த்தோம். நிலையின் இரு பக்கமும் ஒடுக்கமான பெட்டி. பெட்டிக்குள் கப்பியில் ஓடும் கயிறு, கயிற்றின் நுனியில் நீளமான இரும்புக் குண்டு. சட்டம் ஏற குண்டு இறங்கும். சட்டம் இறங்க குண்டு ஏறும். பாதிக் குண்டுகளைக் காணோம். கயிறுகள் தொட்டால் உதிர்ந்தன.

சட்டத்தின் எடை தெரிந்தால்தான் குண்டின் எடையைச் சொல்லலாம் என்றவள் நான். தோட்டத்துக் கிளாக்கரான நீங்கள் ஒரு மாலை, தேயிலைக் கொழுந்து நிறுத்து முடிகிற நேரத்தில், சட்டத்தைத் தோளில் சுமந்துபோய் அந்தத் தராசில் தொங்கவிட்டீர்கள். கூடையோடு நின்ற பெண்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"என்னா கிளாக்கரய்யா, ஜன்னலுக்கும் பேரு போடுறீங்களா?"

"இது அரப்பேருக்குத்தான்டி தேறும். காட்டுப்பக்கமே போகாம வீட்டோட நின்னுருக்கு பாரு," என்றாள் இன்னொருத்தி.

பேர் போடுவது என்றால் ஒரு நாள் கூலி பதிவது; கொழுந்து குறைந்தால் கிடைக்கிற அரைநாள் கூலிக்குத்தான் அரைப்பேர் என்று பெயர். அந்த ஆண்டு முழுவதும் நம் வீட்டு ஜன்னலுக்கு அதுவே பட்டமாக இருந்தது. எதிரே வருகிறவர்கள், "அரப்பேரு நல்லா இருக்கா டீச்சர்?" என்று விசாரிப்பார்கள். நான் சிரிக்காமல், "இருக்கு" என்பேன்.

குண்டுகளைப் பதுளையில் ஒரு பழைய இரும்புக் கடையில் தேடிப் பிடித்தோம். வரும் வழியில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். உரப்பைக்குள் நீள நீளமாக இரும்பு. என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். அட்டையைப் பார்த்த சிப்பாய் பையைப் பார்த்தான். பையைப் பார்த்துவிட்டு மறுபடியும் அட்டையைப் பார்த்தான். நீங்கள், "ஜனேலயட்ட மாத்தயா," என்றீர்கள். ஜன்னலுக்கு எதற்கு இரும்பு என்று அவன் அதட்டினான். சுற்றிலும் பார்த்த நீங்கள், பாதைக்குக் குறுக்கே கிடந்த தடை மரத்தைக் காட்டினீர்கள். அதன் பின்நுனியில் ஒரு கருங்கல்லைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். அந்தக் கல் இல்லாவிட்டால் இந்த மரத்தை ஒற்றைக் கையால் தூக்க உங்களுக்கு முடியுமா, இதுவும் அதே வேலைதான் என்று சிங்களத்தில் நிதானமாகச் சொன்னீர்கள். அவன் போய் அந்தக் கல்லைத் தொட்டுப் பார்த்தான். நாள் முழுக்க ஏற்றி இறக்கிய மரத்தில் அப்படியொன்று இருப்பதை அப்போதுதான் கண்டவன் மாதிரி இருந்தது அவன் முகம். பிறகு சிரித்துவிட்டான்.

பஸ் புறப்பட்டுக் கொஞ்ச தூரம் போனதும் குனிந்து சொன்னீர்கள்: "டீச்சர், இப்ப மூச்ச விடலாம்."

அதன் பிறகு இந்த வீட்டில் எல்லா ஜன்னல்களும் ஒரு விரலுக்கு ஏறின. மழைக்காலத்துக்கு முன்னே கயிறு பார்ப்பது, கண்ணாடியைச் சுற்றி உதிர்ந்த புட்டியைச் சுரண்டிப் புதிதாக வைப்பது, தடத்தில் பெயின்ட் படாமல் மெழுகு மட்டும் தேய்ப்பது: வேறு குடும்பங்கள் தேர்த் திருவிழாவுக்குத் தயாராவதுபோல நாம் அதற்குத் தயாரானோம். வேலை முடிந்ததும் நீங்கள் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தேத்தண்ணி குடிப்பீர்கள். கோப்பையை ஒரு தடவை வெளியே மலைப்பக்கம் நீட்டிவிட்டுத்தான் முதல் வாய். அது யாருக்கு என்று நான் கேட்டதில்லை.

மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகுதான் சமையலறை ஜன்னல் முதலில் இறுகியது. மழையில் மரம் ஊதியிருக்கும் என்றீர்கள். சட்டத்தைக் கழற்றி ஓரத்தைச் சீவினீர்கள். அடுத்த மழைக்கு இன்னொன்று. மறுபடி சீவினீர்கள். எனக்கு அதில் முதலில் சந்தேகம் இல்லை. பிறகு ஆடி மாதத்துக் காய்ந்த காற்றில், எல்லார் வீட்டுக் கதவுகளும் சுருங்கிக் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்த நாட்களில், நம் ஜன்னல்கள் மட்டும் இறுகிக் கிடந்தன.

"இஞ்ச பாருங்கோ," என்றேன். "ஊதினதெண்டால் ரெண்டு பக்கமும் ஊதவேணும். நீங்கள் எப்பவும் இந்த மூலையைத்தானே சீவுறியள்."

"மரத்துக்குக் கணக்குத் தெரியாது டீச்சர். ஒங்ககிட்ட படிக்கலயே."

அதற்கு அடுத்த மழையில்தான் நம் அறையில் அந்தச் சத்தம் ஆரம்பித்தது. சட்டத்தைத் தூக்கும்போதெல்லாம் பெட்டிக்குள் டொக், டொக் என்று குண்டு மரத்தில் இடித்தது. நீங்கள் கோப்பையோடு நின்றிருந்தீர்கள். நான் யோசிக்காமல் சொன்னேன்: "குண்டு நேராத்தான் தொங்கும். அதுக்கு வேற ஒண்டும் தெரியாது. பெட்டிதான் சரிஞ்சிருக்கு. அப்ப சுவர். அப்ப நிலம்."

நீங்கள் கேலி செய்யவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. "ஓம்," என்றீர்கள், என்னுடைய சொல்லாலேயே. கோப்பையை வெளியே நீட்டாமல் அப்படியே கீழே வைத்தீர்கள்.

மறுநாள் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது ஜன்னல் சத்தமில்லாமல் ஏறியது.

"கயிறு நீண்டு போச்சு. கட்டையாக்கிக் கட்டிட்டேன்," என்றீர்கள்.

கோயில் திருநீற்றையும் பத்திரிகைச் செய்தியையும் ஒரே அளவு சந்தேகத்தோடு பார்க்கிறவள் என்று என்னைக் கிண்டல் செய்வீர்கள். அந்தக் கயிற்றுக் கதையை நான் நம்பினேன். அதற்குள் எனக்கும் இந்த ஜன்னல் வேண்டியிருந்தது.

பதுளை ஆஸ்பத்திரியில் நெஞ்சு வலியோடு கிடந்தபோது நீங்கள் தெளிவாகப் பேசிய கடைசிப் பேச்சும் இதைப் பற்றித்தான். "நம்ம ரூம் ஜன்னல ஒரு சாண் தொறந்தே வைங்க டீச்சர். முழுசா மூடிறாதீங்க." காற்றுக்காகச் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். அதன்படியே செய்தேன். மழைச்சாரல் பலகையைக் கறுப்பாக்கியது. பரவாயில்லை என்று இருந்தேன். மற்ற ஜன்னல்களை உங்கள் இழைப்புளியால் நானே சீவினேன். ஒவ்வொன்றாக அவை என்னைக் கைவிட்டன. போன வாரச் சூறைக்காற்றில் மழை அறைக்குள்ளேயே அடித்ததால் இதையும் இறக்கி மூடினேன். இறங்கும்போது உள்ளே பழைய சத்தம் கேட்டது. டொக்.

இன்று காலை தூக்க முடியாமல் போன பிறகு, பெட்டியின் சின்னப் பலகை மூடியைக் கழற்றினேன். கைவிளக்கைப் பிடித்துப் பார்த்தேன். குண்டு நேராகத் தொங்கிக்கொண்டிருந்தது. பெட்டி சரிந்து அதைத் தொட்ட பக்கத்தில், உட்பலகையை மேலிருந்து கீழ்வரை யாரோ உளியால் குடைந்திருந்தார்கள். யாரோ இல்லை. உங்கள் கை எனக்குத் தெரியும். ஓரங்களைக்கூட உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தீர்கள்.

இடிக்கிற குண்டுக்கு இடம் விட்டிருக்கிறார், வேறொன்றும் இல்லை என்று என்னை நானே சமாதானப்படுத்தப் பார்த்தேன். முடியவில்லை. அன்றைக்குத் தேவைப்பட்டதைவிடக் குடைவு எவ்வளவோ ஆழம். பலகை காகிதம் மாதிரி மெலியும்வரை குடைந்திருக்கிறீர்கள். வீடு இன்னும் சரியும் என்று உங்களுக்குத் தெரியும். இத்தனை ஆண்டுகளுக்கு எனக்குச் சத்தம் கேட்காமலிருக்க இடம் விட்டிருக்கிறீர்கள். ஒரு சாண் திறந்தே வைக்கச் சொன்னதும், மூடினால் இறுகிவிடும் என்று தெரிந்துதான். அந்த இடம் இந்த மழையோடு தீர்ந்துவிட்டது.

கேட்க வேண்டியது இதுதான். தெரிந்துகொண்டே ஏன் என்னை இங்கே இருக்க விட்டீர்கள்? நம் மகள் அந்த மலைப்பக்கத்து அறையில்தானே படுத்தாள்? ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்த வாரமே நான் பெட்டி கட்டியிருப்பேன். அதனால்தான் சொல்லவில்லை என்றும் எனக்குத் தெரிகிறது. எனக்கு வீடுகளை விட்டுப் போகத் தெரியும். உங்களுக்கு இது ஒன்றுதான் இருந்தது. இதைப் புரிந்துகொள்வதால் ஆத்திரம் குறையவில்லை. உங்களைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருக்கிறது. உலுக்கத் தோள் இல்லை. ஜன்னலைத்தான் உலுக்கினேன்.

சட்டத்தையாவது கொண்டுபோகலாம் என்று ஓரத்துச் சட்டப்பட்டிகளைப் பெயர்த்து, நெம்பி வெளியே எடுத்தேன். கட்டிலில் கிடத்திப் பார்த்தேன். அது சதுரமும் இல்லை, நீள்சதுரமும் இல்லை. ஒரு மூலை தேய்ந்து, எதிர் மூலை நீண்டு, இந்த வீட்டின் சரிவு அப்படியே அதில் இருந்தது. உலகத்தில் வேறு எந்த நிலைக்கும் அது பொருந்தாது. சீவுவதற்கும் இனி மரம் இல்லை, கண்ணாடிதான் மிச்சம்.

வேன் கீழ் வளைவில் ஏறுகிற சத்தம் கேட்கிறது.

இது பண்டாரவளையிலிருந்து எழுதுவது. அங்கே முடிக்க முடியவில்லை. மகள் வந்து, வெறும் பெட்டிகளைப் பார்த்து, அலுமாரியைத் திறந்து கைக்கு வந்ததை அள்ளிப் போட்டாள். அவளுக்குக் குடைவைக் காட்டவில்லை. மூடியை மறுபடி திருகி வைத்துவிட்டேன். நீங்கள் செய்ததையே நானும் செய்கிறேன் என்று தெரிந்துதான் திருகினேன்.

வேனில் ஏற்றும்போது என் கைப்பையைத் தூக்க முயன்று கீழே வைத்தாள்.

"என்னம்மா இதுக்குள்ள? இப்புடிக் கனக்குது."

"யன்னல்," என்றேன்.

என் முகத்தைப் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளாலும் தூக்கி, மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

இந்த அறையின் ஜன்னல் அலுமினியம். பக்கவாட்டில் தள்ளினால் ஓடுகிறது, மெழுகு வேண்டாம். சுவரின் உச்சியில் முன்பு யாரோ படம் மாட்டிய ஆணி ஒன்று இருக்கிறது. கைப்பையில் கொண்டுவந்த குண்டு ஒன்றை அதன் கயிற்றோடு அதில் தொங்கவிட்டேன். ஆடி ஆடி நின்றது. குண்டைப் பார்க்கவில்லை, கயிற்றுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள இடைவெளியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மேலேயும் கீழேயும் ஒரே அளவு. நேரான சுவர். இங்கே என்னிடமிருந்து மறைப்பதற்கு எதுவும் இல்லை. மறைக்க நீங்களும் இல்லை.