நைனா, வூட்டுக்கு வா

இன்று எண்ணூர் போகும் ஷேர் ஆட்டோவில் உன் குரல் கேட்டது, அக்கா. இரண்டு பாட்டுகளுக்கு நடுவே "நைனா, வூட்டுக்கு வா நைனா" என்று நீ கூப்பிட, பின்னாலேயே தியேட்டர் நிறையச் சிரிப்பு. டிரைவரும் சிரித்தார். நீ செத்துப்போன பிறகும் அந்த எஃப்எம்காரர்கள் உன்னை விடவில்லை.

திருவொற்றியூர் தியேட்டரில் ரேடியோ நிகழ்ச்சி நேரலை, அனுமதி இலவசம் என்றதும், இறால் உரித்த கையை எலுமிச்சம்பழம் தேய்த்துக் கழுவிவிட்டு, கல்யாணப் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாய். "ரேடியோவுல இன்னாமே தெரியப்போவுது உன் பொடவை?" என்று கிண்டல் செய்தேன். நீ சிரிக்கவில்லை. "எம்புள்ள லாரில எப்பவும் இத்தத்தான் போட்டுகினு கீறான். போனுதான் எடுக்கமாட்றான். இதுலயாவது கேப்பான்மே" என்றாய். உன் மகன் உன்னோடு சண்டை போட்டு வீட்டை விட்டுப் போய், மணலியில் டேங்கர் ஓட்டிக்கொண்டிருந்தான்.

வெள்ளைத் திரைக்கு முன்னால் ஒரு மேஜை, இரண்டு மைக். ஊரெல்லாம் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்க, நிகழ்ச்சி நடத்திய தம்பி நம் கண்முன்னே சமோசா தின்றான். பாட்டு முடிந்ததும் வாயைத் துடைத்துக்கொண்டு துள்ளினான். மேடை ஓரத்தில் நின்றவர் ஒரு கையைத் தூக்கினால் நாம் தட்ட வேண்டும், இரண்டு கையையும் தூக்கினால் சிரிக்க வேண்டும். நமக்கும் அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

மைக் உன்னிடம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு கூப்பிட்டாய். பெற்ற பிள்ளையை நாம் நைனா என்று கொஞ்சுவது அந்தத் தம்பிக்குத் தெரியவில்லை, எந்த ஊரோ. "அப்பா காணாமப் போயிட்டாரா மேடம்? எந்தக் கடை வாசல்ல விழுந்து கெடக்குறாரோ!" என்றான். ஓரத்தில் இரண்டு கைகளும் உயர்ந்தன. தியேட்டரே சிரித்தது. "அய்ய, எம்புள்ளப்பா..." என்று நீ சொல்வதற்குள் மைக் அடுத்த வரிசைக்குப் போயிருந்தது. உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "நெசமாத்தான் கூப்டுது, மைக்க குடுப்பா" என்று நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை.

அதற்குப் பிறகு சாயங்காலமானால் கதவைத் திறந்தே வைத்திருந்தாய். "லோடு எறக்கினு வர நேரமாவும்மே" என்று எனக்குச் சமாதானம் சொல்வாய். அந்த ஆடியிலேயே நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோய்விட்டது.

அவன் வந்தான். உன் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டு என்னிடம் சொன்னான்: "கேட்டேன் சித்தி. வண்டிய ஓரங்கட்டிட்டு கேட்டேன். ஒரே சிரிப்பு. அம்மா என்னிய வச்சி காமெடி பண்ணுதுன்னு கோவத்துல ஆஃப் பண்ட்டேன்."

சிரிக்கச் சொல்லிக் கையைத் தூக்கினார்கள், அதனால்தான் சிரித்தார்கள், உங்கம்மா கண்ணை மூடிக்கொண்டு கூப்பிட்டாள் என்று சொன்னேன். அவனுக்கு நான் வேறு என்ன செய்ய முடியும்? உன் பாதத்தைப் பிடித்துக்கொண்டு அழுதான். ரேடியோவில் உன் முகம் தெரியாதே என்று எனக்கு ஆத்திர ஆத்திரமாக வந்தது.

இன்று டிரைவரிடம் "அத்த நிறுத்து நைனா" என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. உன் குரல் வேறு எதிலும் இல்லையே, அந்தச் சிரிப்போடு சேர்த்துத்தான் நீ கிடைக்கிறாய். அடுத்த பாட்டு முடிந்தால் மறுபடி போடுவார்களோ என்று, இறங்க வேண்டிய இடம் தாண்டியும் உட்கார்ந்திருந்தேன்.