அப்பாவின் சட்டையில் தேயிலை மணம்

டிச. 9, செவ்வாய்
மழை. ரிங்லெட் மலைப்பாதை வளைவுகளில், பேருந்தில் இரண்டு முறை வாந்தி. ஒருவழியாக வீடு.

செய்ய வேண்டியவை: கம்பளிச் சட்டை துவைக்க. துணைப்பாடம் (நரம்பியல்) – வீட்டில் ஒருவருக்கு மணச் சோதனை. அம்மாவுக்குப் பதில்.

அம்மா: "இலக்கியம் படிக்கத்தானே அனுப்புனோம்? மூளை எதுக்குலா?"
"எங்க யூனிவர்சிட்டில ரெண்டும் படிக்கலாம்மா."
"டாக்டர் ஆவியா?"
"இல்ல."
"அப்ப எதுக்குலா?"

ஆறு மணிக்கு அப்பா, தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து. சின்ன வயதில் கண்ணை மூடிக்கொண்டு கதவருகே நிற்பேன். அவர் படியேறும் முன்பே சட்டை மணம் வந்துவிடும். இன்றும் வந்தது. அழுகையும் வந்தது. சும்மாதான்.

டிச. 10, புதன்
காலையில் சோதனை. அப்பா கண்ணில் துண்டு. சமையலறை டின்கள்: கிராம்பு, காப்பித்தூள், மல்லி, கருவாடு. நான்கும் சரி!

அம்மாவுக்கு ஒரே பெருமை. "எஸ்டேட்டுக்கே மூக்கு உங்கப்பாதான்." உண்மைதான். அரைத்த இலையை அள்ளி முகர்ந்து, பதம் என்று அவர் தலையாட்டினால்தான் அது உலர்த்தப் போகும்.

'குறை இல்லை' என்று எழுதி மூடினேன்.

மாலை, டின்களை அடுக்கும்போது கிராம்பு கலகலத்தது. கருவாடு தொம்மென்றது. அட! காலையில் அப்பா ஒவ்வொன்றையும் ஆட்டிவிட்டுத்தானே மூக்கருகே கொண்டுபோனார்? டின்னைக் கையில் கொடுத்த நான் ஒரு மடச்சி.

டிச. 11, வியாழன்
வெயில். அம்மா பிரிஞ்சாங் சந்தைக்கு. அப்பா வேலைக்குக் கிளம்பும் முன், மறுபடி கண்ணில் துண்டு. இந்த முறை பஞ்சை நனைத்து நீட்டினேன். கருவாட்டுத் தண்ணீர்.

"சந்தனமா?" என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"எப்பலேருந்துப்பா?"
"ஒரு வருசம் இருக்கும். எலையோட கலரு பாக்குறேன், கடிகாரம் பாக்குறேன், சமாளிக்கிறேன். விசயம் மேனேஜர் தொரைகிட்ட போயிரப்போவுது. ஸ்டோருக்கு மாத்திருவாரு."

சாதாரணக் காய்ச்சலாலும் முகரும் திறன் போகலாம். மூளையில் மெல்லத் தொடங்கும் நோய்க்கு முதல் அடையாளமாகவும் இருக்கலாம். தேர்வில் இதே பதில், நல்ல மதிப்பெண். இன்று பயமாக இருக்கிறது.

"டாக்டர்கிட்ட போலாம்பா."
"வேணாம்மா."

சாப்பிடவில்லை நான்.

டிச. 12, வெள்ளி
பனிமூட்டம். துவைத்த என் கம்பளிச் சட்டை இன்னும் ஈரம்.

ஆறு மணி. பழைய பழக்கம், கதவருகே நின்றேன். அப்பா உள்ளே வரவில்லை. படியிலேயே நின்றார்.

"சட்டையில மணம் இருக்கா?"
"இருக்குப்பா."
"எப்படி இருக்கு? சொல்லேன்."

இலக்கிய மாணவி திணறினேன். "பழுத்த கொய்யா... நனைஞ்ச சாக்கு. கொஞ்சம் தீஞ்ச சீனி. அப்புறம் உங்க வேர்வை."

கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"திங்கக்கெழம லீவு கேட்டுட்டேன். டாக்டர்கிட்ட நீயும் வா."
"சரிப்பா."

கண்ணைத் திறக்கவில்லை.

"இன்னொரு தடவ சொல்லும்மா."