மாடியில் தூங்குகிறார்கள்

நவம்பர் 4, செவ்வாய்

காலையில் மழை. பிள்ளைப்பாக்கம் முதியோர் குழுவுக்குப் போக ஆட்டோ கிடைக்கத் தாமதம். மனைவி மரகதத்தின் இடது செருப்பு வழியில் கழன்றது, அவளுக்குத் தெரியவில்லை. பக்கவாதம் வந்ததிலிருந்து இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே அவளுக்கு மறந்துபோகிறது. வீட்டில் இடது கை மடியிலேயே கிடக்கும். குழுவில் வட்டமாக உட்கார்ந்து எல்லோரும் கைதட்டும்போது மட்டும் எழுகிறது. சத்தம் கேட்டுத்தான் வருகிறது என்கிறாள் பயிற்சி தரும் சுகன்யா.

இன்று பந்து வீசுதல், ஊர்ப்பெயர் சொல்லும் விளையாட்டு, பிறகு கைதட்டல். பாதியில் மாடியிலிருந்து ஒரு பையன் லுங்கியோடு இறங்கி வந்தான். முத்துக்குமார், தென்காசிப் பக்கம். குழு கூடுவது கீழ்த்தளத்தில், மேலே முழுக்கக் கம்பெனிப் பையன்களின் அறைகள்.

"தாத்தா, நைட் ஷிப்ட் முடிச்சு இப்பத்தான் படுத்தேன். லைன்ல நின்னுக்கிட்டே தூங்குதேன், பாத்துக்கிடுங்க."

ஏழுமலை (கம்பெனிக்கு நிலத்தை விற்றவர், வாய் அடங்காது): "எங்களுக்கு சங்கு ஊதறதுக்குள்ள நாலு தட்டு தட்டிக்கினு போறோம், வுடு நைனா."

எல்லோரும் சிரித்தோம். பையன் சிரிக்கவில்லை.

ம.வுக்கு மாத்திரை. குடைக்கம்பி சரிசெய்ய.

நவம்பர் 6, வியாழன்

மேகமூட்டம். நேரத்தை மாற்றலாமா என்று மாடியில் அறை அறையாக விசாரித்தேன். காலையில் தூங்குபவர்கள் நைட் ஷிப்ட். மதியம், விடியலில் வேலைக்குப் போய்த் திரும்பியவர்கள். சாயங்காலம், ஓ.டி. முடித்தவர்கள். எல்லோரும் விழித்திருக்கும் நேரம் இந்தக் கட்டடத்தில் கிடையாது. வேறு இடம்? கோயில் மண்டபத்துக்குப் படி ஏற வேண்டும். பாதிப் பேருக்கு முடியாது.

சத்தமில்லாமல் தட்டச் சொன்னாள் சுகன்யா. உள்ளங்கைகள் படும் முன் நிறுத்த வேண்டும். ம.வின் வலது கை மட்டும் காற்றில். இடது கை மடியில். சுற்றிப் பார்த்தாள்.

"ஏன் எல்லாரும் நிறுத்திட்டீங்க?"

ஏழுமலைதான் பொறுக்கவில்லை. "ரிப்போர்ட்டரே, ஒங்க வூட்டுக்காரம்மா கையி கல்லாட்டம் கீது. அட, தட்டுங்கபா!"

பட்டென்று தட்டினார். எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். நானும். கை எழுந்தது. மாடியிலிருந்து யாரும் வரவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

விடாத மழை. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறப்பார்களா என்று டீக்கடையில் பேச்சு. நடுவே இன்னொரு செய்தி. முத்துக்குமாரின் கை, தகடு அழுத்தும் பிரஸ் மிஷினில் சிக்கிவிட்டது. இரண்டு விரல்கள் போயின.

நடந்தது வியாழன் இரவு ஷிப்டில். நாங்கள் தட்டியது வியாழன் காலை.

மிஷின் கோளாறு என்கிறார்கள் சிலர். சூப்பர்வைசர் அவசரப்படுத்தினார் என்கிறார்கள் சிலர். தூக்கம் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேள்வி கேட்டே பிழைத்தவன்.

ஏழுமலை: "நம்மளாலயா சார்?"

"தெரியல."

என்னை அவர் சார் என்றது இதுதான் முதல் தடவை.

குழு கூடவில்லை.

நவம்பர் 13, வியாழன்

வெயில். பையன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டான். கட்டோடு மாடியில் படுத்திருக்கிறான். ஊரில் இன்னும் சொல்லவில்லையாம்.

குழு கூடியது. பந்து வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள், விழுந்தால் சத்தம். ஒரு கைக்குட்டையைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். ஏழுமலை இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

நடந்ததை ம.விடம் சொல்லியிருந்தேன். மறந்துவிட்டாள்.

"இன்னிக்குக் கைதட்டல் இல்லையாங்க?"

தானே தொடங்கினாள். துணைக்கு ஒரு சத்தமும் இல்லாமல் இடது கை மடியிலிருந்து எழுந்தது. மெதுவாக, வலது கையைத் தேடிக்கொண்டு. சுகன்யா வாயைப் பொத்திக்கொண்டாள்.

இரண்டும் படும் முன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.