அடித்தண்ணியில் காத்து இல்லை

மே 6, செவ்வாய்
காத்து சுத்தமா இல்ல. கொடியில துணி கூட அசையல. விடியக்காலம் ஆத்துக்குப் போனா ஒரே கூத்து. நண்டெல்லாம் வலை கட்ட ஆத்துல நட்ட கொம்பு மேல ஏறி உக்காந்திருக்கு. எறா கரையோரம் துள்ளுது. வலையே வேணாம். குப்பமே குண்டானோட ஓடியாந்துச்சு. நானும் ஒரு அன்னக்கூடை ரொப்பிட்டேன்.
வீட்டுக்காரரு: "இன்னாமே, நண்டே உன்னைத் தேடிக்கினு வருது?"
"நீ தேடல. அதுவாவது வருதே."
ராத்திரி நண்டுக் குழம்பு. புளி தீந்துபோச்சு, வாங்கணும்.

மே 7, புதன்
சிரிப்பெல்லாம் போச்சு. நானும் ஓரகத்தி தனமும் வளக்கிற நண்டுக்கூண்டைத் தூக்கிப் பார்த்தோம். ஓடு எளகின நண்டை வாங்கிப் போட்டு, மீன் தலை போட்டு, ஓடு கெட்டியானதும் விக்கிற தொழில். பாதிக்கு மேல செத்துக் கெடக்கு. சேறு கரி மாதிரி. அழுகின முட்டை நாத்தம்.
கூண்டு சேத்துல நல்லா அழுந்தட்டும்னு கல்லு கட்டினது நான்தான். வெளிய இருந்த நண்டு கொம்புல ஏறிப் பொழச்சுது. நம்மளுது எங்க ஏறும்? கதவை இல்ல சாத்தி வெச்சோம்.
தனம்: "போதும்க்கா. நான் கம்பெனிக்குப் பெருக்கப் போறேன்."
"மொதல்ல மூஞ்சியப் பெருக்கு. அழுது கலீஜா கீது."
சிரிக்கல. மிச்ச நண்டும் போச்சுன்னா இவ போயிடுவா. ஒத்தையா படகு தள்ள என்னால ஆவாது. தொழிலே மூடிக்க வேண்டியதுதான்.

மே 8, வியாழன்
அனல். ஆத்துச் சேறு அள்ளிக்கினு போய் சோதிக்கிற காலேஜ் பொண்ணு வந்துச்சு. ஈர்க்குச்சி மாதிரி. "உங்கம்மா சோறு போடுதா, மோந்து பாக்க மட்டும் தருதா?"ன்னேன். சிரிச்சுது. ஒயரை எறக்கி மீட்டரு பார்த்துச்சு. மீனு, நண்டு மூச்சு வுடற காத்து மேல் தண்ணியில இருக்காம். அடியில இல்லியாம். கழிவு அடியில தங்கி அழுவறப்போ காத்தை உறிஞ்சிடுதாம். முகத்துவாரம் மண்ணு மூடிக் கெடக்கறதால கடல் தண்ணி உள்ள வந்து கலக்கலியாம். ஓட முடிஞ்சது மேல வருது. மட்டிச் சிப்பி, புழு, ஓட முடியாதது அங்கயே சாவுது.
அப்போ அன்னிக்கு நாங்க கும்மாளம் போட்டு அள்ளினது, மூச்சு முட்டி ஓடியாந்ததை. குழம்பு ருசியாத்தான் இருந்துச்சு. அதான் பேஜாரு.
முடிவு: இனிமே தரையில கூண்டு இல்ல. பாதித் தண்ணியில தொங்கவுடணும். வேணும்: மெதக்கவுட காலி கேன், நைலான் கயிறு, வெயில் மறைக்கக் கீத்து.
தனம்: "சேத்துல கெடக்கற நண்டு, ஊஞ்சல்ல குந்தித் துன்னுமா?"
"உம் புருசன் தரையில கெடந்த ஆளு. இப்ப கட்டில் இல்லாம தூங்கறானா? அதுவும் பழகிக்கும்."
மொறச்சா. ஆனா கயிறு புடிச்சா. "சனிக்கெழமை வரைக்கும் பாக்கறேன். செத்துதுன்னா நான் போறேன்."

மே 10, சனி
இன்னமும் காத்து இல்ல. ரெண்டு பேருமா கூண்டைத் தூக்கினோம். மீன் தலை பாதி காணோம். கையை வுட்டேன். கவ்விச்சு பாரு ஒண்ணு! ரத்தம். நான் கத்தறேன், தனம் சிரிக்கிறா. "உசுரோட கீதுக்கா! எல்லாம் கீது!" அடுத்த கூண்டு எங்க கட்டலாம்னு அவளே எடம் காட்டறா.
திரும்பறப்போ துடுப்பால சேத்தைக் கிளறினேன். மட்டியெல்லாம் வாயத் தொறந்து, செத்து நாறுது. வெள்ளை வெள்ளையா. நண்டைத் தூக்கிட்டோம். இதை யாரு தூக்கறது? ஆத்தையே கயிறு கட்டித் தொங்கவுட முடியாது.
முகத்துவாரத்து மண்ணை வாரணும். அதைக் கேட்டு திங்கக்கிழமை குப்பத்துப் பொம்பளைங்க எல்லாம் கலெக்டர் ஆபீஸ் வாசல்ல குந்தறோம். சோறு கட்டிக்கினுதான். செத்த மட்டி ஒரு கூடை, தனம் தூக்கியாறா. வாசல்ல நிறுத்தினா அங்கயே கொட்டிடுவோம், மோந்து பாக்கட்டும்.