லத்பாரி மலையில் வெள்ளைத் தேகா

அன்பு மகள் லமாராவுக்கு அப்பா எழுதுவது. நாங்கள் எல்லோரும் சுகம், மாடுகளும் சுகம், நீயும் அப்படியே இருக்க வேண்டும். நீ வேலைக்கு இருந்து பார்த்துக்கொள்ளும் அந்த இத்தாலிக் கிழவி உன்னை நேரத்துக்குச் சாப்பிட விடுகிறாளா என்பதுதான் அம்மாவின் கவலை.

போன செவ்வாய்க்கிழமை நம் சிவப்புப் பசு, நிறைசினையாக இருந்ததே அதுதான், மேய்ச்சலிலிருந்து திரும்பவில்லை. உன் அண்ணன் பெசிக் ஊரில் இல்லாததால் அண்ணி எத்தெரியைக் கூட்டிக்கொண்டு லத்பாரி மலைமேல் ஏறினேன். பாதி நாள் தேடியும் காணோம், மேலே போனதும் மூடுபனி வந்து எங்களை விழுங்கிவிட்டது, நீட்டிய கை தெரியவில்லை. எனக்கு வழி தெரியும் என்று இடப்பக்கம் இழுத்தேன். அவள் நின்றுவிட்டாள். காலடியில் முழங்கால் உயரத்துக்கு வெள்ளைவெள்ளையாகப் பூத்த புதர், நம் மலைத் தேகாச்செடி போல. உனக்குத்தான் தெரியுமே, அவள் பத்தூமிக் கடற்கரைக்காரி, அங்கே இதன் பங்காளிச்செடி ஒன்று ஊதாவாகப் பூக்கும், அதன் தேனைத் தின்றவனுக்குத் தலை கிறுகிறுக்கும். அந்தப் பயத்தில் நம் வீட்டில் தேகா இலை போட்டுக் காய்ச்சும் தேநீரை அவள் தொட்டதே இல்லை, ஆனால் எது எந்தச் செடி என்று புத்தகம் புரட்டித் தெரிந்து வைத்திருக்கிறாள். குனிந்து பூவின் உள்ளே பச்சைப் புள்ளியைப் பார்த்தாள், தடித்த இலையைத் திருப்பி அடியில் துருநிறப் பஞ்சைத் தடவினாள்.

“மாமா, இது தேகாவேதான். வடக்குச் சரிவுலதான் இப்படி அடர்ந்து நிக்கும், நம்ம ஊரும் வடக்கால. குளிர்காலத்துப் பனி அமுக்கி கிளையெல்லாம் கீழ்ப்பக்கமா சாஞ்சிருக்கு பாருங்க, அதைப் பிடிச்சுக்கிட்டே இறங்குவோம். நீங்க இழுக்குற பக்கம் போனா மலைக்கு அந்தாண்டதான் போய்ச் சேருவோம்” என்றாள்.

அறுபத்து மூன்று வயதில் வாயை மூடிக்கொண்டு மருமகள் பின்னால் நடந்தேன் லமாரா. ஒரு மணி நேரம் இறங்கியிருப்போம், ஓடைப்பக்கம் மணிச்சத்தம், பார்த்தால் நம் பசு, பக்கத்தில் ஈரம் காயாத கிடாரிக்கன்று. எத்தெரி தன் சால்வையால் அதைத் துடைத்தாள், அழுதுகொண்டே சிரித்தாள், எனக்கும் கண் கலங்கியது. கன்றைத் தோளில் போட்டு ஊருக்குள் வந்தபோது அம்மா ஓடிவந்து முதலில் கட்டிக்கொண்டது என்னை இல்லை, மருமகளை. இப்போது நான் வழி தவறிய கதையை அவள் தெருத்தெருவாகச் சொல்கிறாள், நானும் கேட்டுச் சிரிக்கிறேன். தேநீரை மட்டும் இன்னும் தொடவில்லை, அம்மாவும் வற்புறுத்துவதில்லை.

வெயிலில் தலையை மூடிக்கொண்டு வெளியே போ. கடவுள் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். ஒன்று மறந்துவிடாதே. அண்ணன் கல்யாணத்துக்கும் உன்னால் வர முடியவில்லை, அண்ணிக்கென்று நீ இதுவரை ஒரு வரியும் எழுதவில்லை. இந்த முறை கடிதத்தை அண்ணி பெயருக்கே போடு, நாங்கள் அவளிடம் கேட்டு வாங்கிப் படித்துக்கொள்கிறோம்.

உன் அப்பா,
ஜான்சுக்